கிட்டே வந்த மச்சம்

தோல் மருத்துவரின் கட்டிலில் கணவர் சட்டையில்லாமல் குப்புறப் படுத்திருக்கிறார். மனைவி கைப்பேசியை மருத்துவரிடம் நீட்டுகிறார். "மாசா மாசம் எடுத்திருக்கேன் டாக்டர். எப்படி வளந்திருக்கு பாருங்க." முதல் படத்தில் முழு முதுகு, தோளில் துண்டு, பின்னால் ஜன்னல், மச்சம் ஒரு கடுகு. அடுத்ததில் ஜன்னலைக் காணோம்; மச்சம் மிளகாகியிருக்கிறது. கடைசிப் படத்தில் முதுகே இல்லை, திரை முழுக்க ஒரே கறுப்பு. "கேன்சரா டாக்டர்?" என்று தலையணைக்குள்ளிருந்து ஒரு குரல் கிணற்றின் ஆழத்திலிருந்து வருவதுபோல் வருகிறது. மருத்துவர் விளக்கு வைத்த லென்ஸை மச்சத்தின் மேல் அழுத்திக் குனிகிறார். "பாக்கத்தான் பயங்காட்டுது. உள்ள எல்லாம் சீரா இருக்கு. முதுகுல இருக்கிற மத்த மச்சமெல்லாம் இதோட அண்ணன் தம்பிங்க, அதே ஜாடை. இது வளரலம்மா. நீங்கதான் மாசா மாசம் கிட்ட கிட்ட போயிருக்கீங்க." மனைவி கைப்பேசியை மெல்லக் கவிழ்த்துக்கொள்கிறார். "பயத்துல தெரியல டாக்டர்." மருத்துவர் மச்சத்தின் ஓரமாக ஒரு ஸ்கேலை வைத்துக் காட்டுகிறார். "இனிமே இதப் பக்கத்துல வெச்சு, தள்ளி நின்னு எடுங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க, பாத்துக்கலாம்." தலையணை கொஞ்சம் அசைகிறது. "ஸ்கேல் வெச்சுக்கட்டும் டாக்டர். தள்ளியெல்லாம் நிக்க வேணாம்."