தவணை வாடகை

"இந்த மாசத்தோட அவங்களைக் காலி பண்ணச் சொல்லிடுங்கப்பா" என்றபடியேதான் மகன் செருப்பைக் கழற்றினான். வெளியூரிலிருந்து வந்து இறங்கிய களைப்புகூடத் தீரவில்லை.

அப்பா டீயை ஊதிக்கொண்டிருந்தார். காதில் விழாதவர் மாதிரி இன்னும் கொஞ்சம் ஊதினார்.

மாடியில் குடியிருப்பது ஒரு பெயிண்டர் குடும்பம். வாடகையை ஒரே நாளில் முழுசாகக் கொடுத்ததாக மகனுக்குத் தெரிந்து சரித்திரமே இல்லை.

"மாடி வாடகைதான்பா உங்களுக்கு பென்ஷன். அது ஒன்னாந்தேதி டாண்ணு வரணும். மழை பெஞ்சா அவருக்கு வேலை இல்ல. அவருக்கு வேலை இல்லன்னா உங்களுக்கு வாடகை இல்ல. இந்த வயசுல எதுக்கு இந்த ரிஸ்க்?"

"வராம போனதில்லடா."

"துண்டு துண்டா வருதே. என் ஃப்ரெண்டு ஆபீஸ்ல ஒரு மேனேஜருக்கு வீடு தேடறாங்க. ஆபீஸே வாடகையை பேங்க்ல போட்டுடும். மனுஷன் பாதி நாள் டூர்லதான் இருப்பார். சத்தம் கிடையாது, சுவத்துல ஒரு ஆணி அடிக்க மாட்டார். கண்ணை மூடிட்டுக் குடுக்கலாம்."

மகன் சொன்னதில் தப்பில்லை. அப்பா யாரிடமும் கை நீட்டக் கூடாது என்று நினைப்பது பாசம்தான். என்ன, அந்தப் பாசம் போனில் கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு பேசியது.

அந்த நேரம் பார்த்து பெயிண்டரே படியிறங்கி வந்தார். காதோரம் இன்னும் வெள்ளை பெயின்ட் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா, இந்த வாரத்துக்கு" என்று சில நோட்டுகளை நீட்டினார்.

பார்த்தீர்களா என்பது போல் மகன் அப்பாவைப் பார்த்தான். அப்பா அவன் பக்கமே திரும்பவில்லை.

"உட்காரு தம்பி. நீ பெயின்ட் அடிக்கற வீட்டுல அந்த நீலமா பச்சையா பஞ்சாயத்து தீர்ந்துதா?"

"எங்கய்யா தீருது? காலைல வீட்டுக்காரர் நீலம்னாரு, அடிச்சேன். மத்தியானம் அந்தம்மா பச்சைன்னாங்க, அதையும் அடிச்சேன். சாயந்திரம் ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினாங்க. எப்படியோ, ஒத்துமையாயிட்டாங்க."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். மகனுக்கு எரிச்சலாக வந்தது. சிரிக்க வைத்தே காலத்தை ஓட்டுகிற ஆசாமி என்று முடிவு கட்டினான்.

"இங்க பாருங்க. வாடகைன்னா மொத்தமா வரணும். இப்படித் தவணைல கட்டறதெல்லாம் சரிப்படாது. மாசக் கடைசிக்குள்ள வேற வீடு பாத்துக்குங்க."

பெயிண்டரின் முகம் செத்துப்போயிற்று. மாடியில் அவர் மனைவி பிள்ளைகளைப் படிக்கச் சொல்லி அதட்டுவது கேட்டது. அவர்களின் பள்ளிக்கூடம் அடுத்த தெருவில்தான். இந்த வாடகைக்கு இந்தப் பக்கத்தில் வேறு வீடு கிடைக்காது.

அவர் அப்பாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு எழுந்துகொண்டார்.

"சரி சார்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று மகனே எதிர்பார்க்கவில்லை.

"இரு தம்பி." அப்பா மகன் பக்கம் திரும்பினார். "தம்பி மேல தப்பில்லடா. முதல் மாசம் ஒன்னாந்தேதி மொத்தமாத்தான் கொண்டாந்து குடுத்தாரு. இப்பவும் மொத்தமா குடுக்க முடியும். நான்தான் பிரிச்சு, வாரா வாரம் கொண்டாங்கன்னு சொன்னேன்."

"ஏம்பா?"

"உங்கம்மா போனதுக்கப்புறம் இந்த வீட்டுப் படியை யாரு மிதிக்கறா? மொத்தமா வாங்கிட்டா மாசம் பூரா யார்கிட்ட பேசறது? சும்மா வந்து உட்காருப்பான்னு கூப்பிடக் கூச்சமா இருந்துச்சு."

மகன் அப்பாவை நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லாமல் பெயிண்டர் பக்கம் திரும்பினான்.

"வீடே போகப்போகுதுன்னு தெரிஞ்சும் ஏங்க ஒரு வார்த்தை சொல்லல?"

பெயிண்டர் தயங்கினார்.

"தெரிஞ்சா நீங்க மனசு ஒடிஞ்சு போயிடுவீங்கன்னு, சொல்லக்கூடாதுன்னு ஐயா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு சார்."