முதல் கார்டு

மருத்துவக் காப்பீட்டுக் கார்டு கொடுக்கும் கவுன்ட்டருக்கு அந்த அம்மாள் நடையாய் நடந்துகொண்டிருந்தாள். குமாஸ்தாவிடம் ஒரே பதில்தான் இருந்தது.

“நாடு முழுக்கப் புதுத் திட்டம் வந்தாச்சும்மா. நம்ம மாநிலத்துல பழசை மூடிட்டாங்க, புதுசு இன்னும் கம்ப்யூட்டர்ல ஏறல. நான் என்ன பண்றது?”

“அதுவரைக்கும் என் வீட்டுக்காரரோட இதயம் தாங்கணுமே சார்.”

குமாஸ்தா கல்நெஞ்சக்காரர் அல்ல. எதிர்ச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்த, கையில் கார்டோடு ஒருவர் நிற்கும் விளம்பரத்தைக் காட்டுவார். “மாநிலத்துலேயே முதல் கார்டு அவருக்குத்தான். எப்படிச் சிரிக்கிறாரு பாருங்க. உங்களுக்கும் விடியும்.”

அவள் பார்ப்பாள். பிறகு போய்விடுவாள்.

இன்று அவள் வந்ததும் குமாஸ்தாவே கூப்பிட்டார். “புதுத் திட்டம் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சும்மா. வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க. நோயாளி நேர்ல வந்து போட்டோ எடுக்கணும், அதான் ரூல்.”

“போட்டோ முன்னாடியே எடுத்தாச்சு சார்.” அவள் சுவரைக் காட்டினாள். “திட்டத்தோட தொடக்க விழாவுல அவரு கையில கார்டைக் குடுத்து, சிரிக்கச் சொல்லி எடுத்தாங்க. எடுத்து முடிச்சதும், இது சும்மா மாதிரிக்குன்னு திரும்ப வாங்கிட்டாங்க.”

குமாஸ்தா விளம்பரத்தைத் திரும்பிப் பார்த்தார். “இத்தனை நாள் ஏம்மா சொல்லல?”

“நீங்க அவரைக் காட்டிச் சொல்றப்ப, நெசமாவே கிடைச்சுட்ட மாதிரி இருந்துச்சு.”

“நாளைக்கே கூட்டிட்டு வாங்க. முதல் ஆளாப் போட்டுத் தர்றேன்.”

“நேத்து போயிட்டாரு சார். வீட்டுல மாட்ட வேற படம் இல்ல. அதைக் கிழியாம எடுத்துத் தருவீங்களா?”

“அது அரசாங்க விளம்பரம்மா, மனு குடுத்துத்தான்...” பழக்கத்தில் இழுத்தார் குமாஸ்தா.

“அதுக்கும் அவரே நேர்ல வரணுமா சார்?”