எதிர்க்காற்றில் ஐம்பத்திரண்டு நிமிடம்

“தூரம் மாறேல்லைத்தானே அம்மா? போன கிழமை பிளேன் நாற்பத்திமூண்டு நிமிசத்திலை போச்சு. இண்டைக்கு எப்பிடி ஐம்பத்திரண்டு?”

“எதிர்க்காத்தாம். எனக்கு மிச்சம் நாற்பத்திநாலுதான். ஏத்தமாட்டினமாம்.”

வடகோடிச் சிற்றூரான வர்டோவின் விமான நிலையத்தில் சிவகௌரி தன் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். மகள் அபிநயா பக்கத்தில் நின்றாள். மேற்கே ஹம்மர்ஃபெஸ்ட் மருத்துவமனையில் சிவகௌரியின் அக்காவுக்கு நாளைக் காலை அறுவைச் சிகிச்சை. தெரு பனியில் மூடிக்கிடந்தது. கப்பல் நாளை மறுநாள்தான் வரும்.

ஆயுள் முழுவதற்கும் ஒருவர் வானில் இத்தனை நிமிடம்தான் இருக்கலாம். சிவகௌரி தன்னுடையதைச் சொந்தக்காரப் பிள்ளைகள் பெரியவளான விழாக்களுக்கு, சாமத்தியவீடுகளுக்கு, லண்டனும் பாரிசும் போயே கரைத்திருந்தாள்.

“ஆற்றையோ பிள்ளையளின்ரை சாமத்தியவீட்டுக்கெல்லாம் பறந்தீங்கள். சீலை வடிவெண்டாவது சொல்லிச்சினமோ?”

“நாங்கள் போகாட்டி, உன்ரைக்கு ஆர் வருவினம்?”

“ஆர் வந்தவை?”



ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் நிமிடம் கொடுக்கலாம். ஆனால் அபிநயாவிடம் இருந்தது, அவள் இதுவரை காணாத யாழ்ப்பாணத்துக்கு ஒரு தடவை போய்த் திரும்பும் அளவுதான். மேலதிகமாக மூன்று நிமிடம் இருந்தது. அந்தப் பயணத்துக்கான நிமிடங்களைக் காப்பாற்றவே அவள் பள்ளிச் சுற்றுலாக்களுக்குக்கூடப் போகவில்லை.

கடைசி அழைப்பு கேட்டது. சிவகௌரி எழுந்து மகளின் கையைப் பிடித்தாள்.

“பெரியம்மா நாளைக்குக் கண் முழிப்பாவோ தெரியாது, பிள்ளை. எனக்கு ஒரு எட்டு நிமிசம் தருவியே?”