மாவில் புதைந்த கட்டைவிரல்

போனில் பணம் கட்டக் கட்டைவிரலின் ரேகை போதும். போன் விளையாட்டில் வரும் மூடிய பெட்டிகளைக் கட்டைவிரல் வாங்கி வாங்கித் திறந்ததில், சைக்கிளுக்குச் சேர்த்த பணத்தில் பாதி கரைந்திருந்தது.

"இதுவரைக்கும் என்னண்ணே கிடைச்சுது?" என்று சப்பாத்தி மாவு பிசையும்போது சுண்டுவிரல் கேட்டது.

"தங்க வாள் வரும்னு போன் சொன்னான். நாற்பது தொப்பி வந்துச்சு."

"இருக்கிறது ஒரு தலைதானே?"

கட்டைவிரலுக்குச் சுருக்கென்றது. ஆசை காட்டியது போன்தான். ஆனால் நாற்பது தடவையும் அழுத்தியது தான்தானே என்று நினைத்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துப் போன் கூவியது. "ஓடி வா மச்சான்! புதுப் பெட்டி! பத்தே நொடி!"

"கையெல்லாம் மாவுப்பா."

"கழுவிட்டு வா!"

குழாய் பக்கத்திலேயே இருந்தது. கட்டைவிரல் மாவுக்குள் இன்னும் ஆழமாகப் புதைந்துகொண்டது. பத்து நொடியும் போனது.

"அழுத்திப் பிசைடா தம்பி," என்றது சுண்டுவிரலிடம். "சப்பாத்தி பஞ்சு மாதிரி வரணும்."