அப்பாவின் ஓட்டம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொல்பவன் நாக்கு அழுகிப்போகட்டும்.

தையல்காரி போனில் கெஞ்சினாள். "அப்பாவுக்கு நெஞ்சுவலிங்க. பேச்சே வரல. ஆம்புலன்ஸ் அனுப்புங்க."

"நாங்க குடுத்த கடிகாரம் அவர் நாடி நல்லா இருக்குன்னு இங்க கம்ப்யூட்டர்ல காட்டுதேம்மா," என்றார் சுகாதார அலுவலர். "இப்பதான் தெருவுல ஓடிட்டு வந்திருக்கார். எழுபத்தெட்டு வயசுல என்னா ஓட்டம். எனக்கு மாடி ஏறினாலே மூச்சு வாங்குது."

"கம்ப்யூட்டர் தப்பா சொல்லுதுங்க."

"அந்த நாடியைப் பாத்துத்தான் மாசாமாசம் அவர் மாத்திரையோட அளவையே அது முடிவு பண்ணுது. எப்படித் தப்புன்னு சொல்லுங்க, உடனே வண்டி வரும்."

தினமும் நடக்காதவர்களுக்கு இலவச மாத்திரை கிடையாது என்பது விதி. அப்பா கட்டிலை விட்டு இறங்கியே ஆறு மாதம் ஆகிறது. உண்மையைச் சொன்னால் நாளை முதல் மாத்திரை நின்றுவிடும்.

அப்பாவின் கை கட்டிலிலிருந்து நழுவித் தொங்கியது.

"சொல்லிடறேங்க," என்று அலறினாள். அப்பா அதற்குள் அடங்கிவிட்டார்.

வாசலில் நாய் மூச்சிரைக்க வந்து நின்று வாலை ஆட்டியது. அதன் கழுத்தில், அவளே கட்டிவிட்ட கடிகாரம்.

ஆறு மாதமாக அப்பா விழுங்கிய மாத்திரைகள் அத்தனையும் அந்த நாயின் நாடிக்கு அளந்தவை.