எத்தனை தடவை கேட்டே

உர்கென் பனியில் விறைத்துப்போன இரண்டு கைகளையும் வெதுவெதுப்பான தண்ணீரில் அமிழ்த்தி வைத்திருந்தார். மற்ற விரல்களெல்லாம் சிவக்க ஆரம்பித்துவிட்டன. வலது கையில் இரண்டு மட்டும் மெழுகுவத்தி போல வெளுத்துக் கிடந்தன.

அவர் மனைவி யாங்ஜி பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஆற ஆறச் சுடுதண்ணீர் கலந்துகொண்டிருந்தாள். அவள் நடத்துகிற விடுதிதான். கணவாயைத் தாண்டி இறங்கினால் வருகிற முதல் வீடு.

"இந்த விரலை வெச்சுத்தானே கயிறு கட்டணும். கிழங்கு தோண்டணும்."

யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. சட்டித் தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்.

அடுப்புக்கு இந்தப் பக்கம் லோப்சாங் உட்கார்ந்திருந்தான். யாங்ஜியின் தம்பி. வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக மலை ஏறி இறங்குகிற வழிகாட்டி. இந்தத் தடவை சுமை தூக்க மச்சானைக் கூப்பிட்டவன் அவன்தான். உர்கென் தயங்கியபோது, "என் தம்பி கூடத்தானே போறீங்க, என்ன பயம்?" என்று அனுப்பி வைத்தவள் யாங்ஜி.

ஜன்னலோரம் காலுறை காயவைத்துக்கொண்டிருந்த விருந்தாளிகளில் ஒருத்தி எழுந்து வந்தாள். இங்க்ரிட் என்று பெயர். கண் கலங்கியிருந்தது.

கணவாயில் போட்டோ எடுக்கக் கழற்றிய தன் கையுறையைக் காற்று அடித்துக்கொண்டு போனதையும், லோப்சாங் சொன்னதும் உர்கென் தன்னுடையதை அவளுக்குக் கொடுத்ததையும் இங்கிலீஷில் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம்.

உடனே லோப்சாங் தன் கையுறையை உர்கெனுக்குத் தருவதாகச் சொன்னானாம். பாஷை தெரியாவிட்டாலும் அவளுக்குப் புரிந்ததாம். உர்கென்தான் வேண்டாமென்று தலையாட்டிவிட்டாராம். இவ்வளவு நல்ல மனுஷனை அவள் பார்த்ததே இல்லையாம்.

லோப்சாங் தோளில் கை வைத்து, அதை அப்படியே அவன் அக்காவிடம் சொல்லச் சொன்னாள்.

"கையுறை காத்துல போயிடுச்சாம்," என்றான் லோப்சாங்.

"மீதியும் புரிஞ்சுது," என்றாள் யாங்ஜி. "எத்தனை வருஷமா இவங்களுக்குச் சோறு போடறேன்."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒன்றை முதல் தடவையிலேயே வாங்கிக்கொள்ள வராது. டீயானாலும் சரி, சம்பந்தம் பேச வந்தாலும் சரி, முதலில் வேண்டாம் என்போம். இரண்டாம் தடவையும் வேண்டாம்தான், ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும். மூன்றாவது தடவை கொடுக்கிறவர் ஒரு அதட்டுப் போடவேண்டும். அப்புறம்தான் கை நீளும். பசியில் உயிர் போனாலும் இந்த வீம்பு போகாது. வெள்ளைக்காரர்களுக்கு இதெல்லாம் கிடையாது, வேண்டாமென்றால் வேண்டாம். விடுதி ஆரம்பித்த புதிதில் யாங்ஜி அவர்களையும் அதட்டி அதட்டி வெண்ணெய் டீ ஊற்ற, அவர்கள் அவளுக்குத் தெரியாமல் ஜன்னல் வழியாகக் கொட்டியிருக்கிறார்கள்.

யாங்ஜி தண்ணீரிலிருந்து கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"எத்தனை தடவை கேட்டே?"

லோப்சாங் பக்கத்தில் இங்க்ரிட் சிரித்தபடி நின்றாள். அவனுடைய கையுறை மடியில் இருந்தது, உள்ளே கம்பளி வைத்தது. அதை மெதுவாகத் தொடைக்கு அடியில் தள்ளினான்.

"உன்னைத்தான்டா. எத்தனை தடவை?"

"மூணு தடவை," என்றார் உர்கென். குனிந்த தலையைத் தூக்கவில்லை. "கடைசியில திட்டிக்கூடப் பார்த்தான். நான்தான் திமிரா வேணாம்னுட்டேன். அவனை விடு."

யாங்ஜி புருஷன் பக்கம் திரும்பினாள். முகம் தளர்ந்தது.

"உங்க திமிரை எந்தத் தண்ணியில ஊறவெக்கிறது?" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். தம்பி மேல் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று இருந்திருக்கும், அவன் டீக் கோப்பையில் வெண்ணெயைக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டாள்.

லோப்சாங்குக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அக்கா திட்டியிருந்தால் தேவலை. அடித்திருந்தால் இன்னும் தேவலை.

கணவாயில் அவன் கேட்டது ஒரே தடவை.

"என்னோடதைப் போட்டுக்கிறீங்களா மச்சான்?" என்றான். உர்கென் வழக்கம்போல வேண்டாமென்றார். சொல்லிவிட்டு, அடுத்த தடவைக்காக அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். லோப்சாங் திரும்பி நடந்துவிட்டான். முதல் தடவை வேண்டாமென்றுதான் சொல்வார் என்று தெரிந்தே கேட்டான். கேட்கும்போது கையுறையைக் கழற்றக்கூட இல்லை.

"குடி," என்று யாங்ஜி கோப்பையை நீட்டினாள்.

"வேணாம்க்கா."

நிஜமாகவே வேண்டாம். ஆனால் வேண்டாம் என்பதை நிஜமாகச் சொல்ல எங்கள் பாஷையில் வழி ஏது? அவள் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டாள்.

"அட, குடிடா."

"வேணாம்."

"குடிங்கறேன்ல! என்ன, விருந்தாளியா நீ?"

உர்கென் அப்போதுதான் தலையைத் தூக்கி மச்சினனைப் பார்த்தார். கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

"வாங்கிக்கோடா. அவ மூணு தடவை கேட்டுட்டா."

லோப்சாங் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பத்து விரல்களிலும் சூடு ஏறியது.