சொல்லாத விண்ணப்பம்

எங்கள் சபையின் சிஸ்டர் வெர்னீஸ் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்ததும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியாடி கெண்ட்ரா? நான் யார்கிட்டயும் மூச்சு விடல. கர்த்தரே அனுப்பி வச்சிருக்காரு."

தண்டனை முடியும் முன்பே கைதியை விடுவிக்கலாமா என்று முடிவு செய்யும் பரோல் வாரியத்தின் அறை அது. இடப்பக்கம் கைதிக்காகப் பேச வந்தவர்கள். வலப்பக்கம் எதிர்த்துப் பேச வந்தவர்கள்.

அம்மா பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சர்ச்சில் இடம் பிடித்து வைத்தவள் போலக் கையாட்டினாள்.

"சிஸ்டர், இங்க வாங்க. இந்தப் பக்கம்."

வெர்னீஸ் திரும்பினார். அவர் நெஞ்சில், ஒரு பையனின் படம் போட்ட வட்டமான பேட்ஜ் குத்தியிருந்தது.

அந்த முகம் எனக்குத் தெரியும். பேப்பரில் வந்த முகம். என் அண்ணன் கோர்டெல் சுட்டுக்கொன்ற பையன்.

வெர்னீஸ் அம்மாவையே பார்த்தார். பிறகு எங்கள் பக்கத்தின் பலகையைப் பார்த்தார். அதில் கைதியின் பெயர் இருந்தது.

நடக்கத் தெரியாதவர் போல நடந்து, வலப்பக்கம் போய் உட்கார்ந்தார்.

அம்மாவின் கை அந்தரத்திலேயே நின்றது.

என் அண்ணன் நிரபராதி இல்லை. பத்தொன்பது வயதில், பெட்ரோல் பங்க் வாசலில், ஒரு வாய்ச்சண்டையில் துப்பாக்கியை எடுத்தான். குற்றத்தை உடனே ஒப்புக்கொண்டதால் கோர்ட்டில் விசாரணை நடக்கவில்லை. இரண்டு தாய்மார்களும் ஒருவரையொருவர் பார்த்ததும் இல்லை. வெர்னீஸ் அப்போது டெட்ராய்ட்டில் வேலையிலிருந்தார். நாங்கள் அவமானம் தாங்காமல் வேறு ஊருக்கு ஓடினோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எங்கள் மாநிலமான அலபாமாவுக்குத் திரும்பிய வெர்னீஸ், நாங்கள் ஓடிப்போன அதே ஊருக்கு, அதே சபைக்கு வந்து சேர்ந்தார். குடும்பப் பெயராக அம்மாவுக்கு என் அப்பாவின் பெயர், அண்ணனுக்கு அவனுடைய அப்பாவின் பெயர். வெர்னீஸுக்கும் அவர் மகனுக்கும்கூட வேறு வேறு பெயர்தான். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. போன முறை அண்ணனின் பரோல் விசாரணைக்கு வந்தபோது, இரு தரப்பும் நேரில் வராமல் வாரியத்துக்குத் தபால் அனுப்பியதோடு சரி.

எங்கள் சபையின் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில், வாய்விட்டுச் சொல்ல முடியாத வேண்டுதல் இருந்தால், கையை உயர்த்தி "சொல்லாத விண்ணப்பம்" என்றால் போதும். என்ன ஏது என்று யாரும் கேட்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் உங்கள் கையைப் பிடித்து ஜெபிப்பார்.

வாராவாரம் அம்மா கையைத் தூக்குவாள். வெர்னீஸும் தூக்குவார். ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு, "என் சகோதரி கேட்டதை அப்படியே கொடும் ஆண்டவரே" என்று அழுவார்கள்.

ஒருத்தி, அவன் வெளியே வர வேண்டும் என்று. ஒருத்தி, அவன் வெளியே வரவே கூடாது என்று.

எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். சட்டத்தைப் புரட்டி மனு எழுதியது நான். அம்மா செய்ததெல்லாம் காத்திருந்ததுதான். நான் கத்தினால், "ரெண்டெழுத்து படிச்சிட்டா கர்த்தருக்கே கெடு வைப்பியா?" என்பாள்.

முதலில் அம்மாவைக் கூப்பிட்டார்கள். இத்தனை வருடம் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்ததில் ஒரு வார்த்தை வரவில்லை. "அவன் திருந்திட்டான்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அடுத்து வெர்னீஸ். மைக்கைப் பிடித்தவர் வாரியத்தைப் பார்க்கவில்லை.

"போன தடவை நீங்க அவனுக்குப் பரோல் இல்லைன்னு சொன்ன வாரம், நான் சபைல எந்திரிச்சு சாட்சி சொன்னேன். கர்த்தர் என் சொல்லாத விண்ணப்பத்துக்குப் பதில் குடுத்துட்டார்னு. மொத ஆளா எந்திரிச்சுக் கைதட்டுனது, இதோ, இந்த அர்டீலியாதான்" என்று அம்மாவைக் கைகாட்டினார்.

உண்மை. நான் அன்று பக்கத்தில் இருந்தேன். அம்மாவின் கண்கள் அழுது வீங்கியிருந்தன. ஆனாலும் தட்டினாள். அல்லேலூயா என்று கத்தினாள். தன் ஜெபம் கேட்கப்படாமல் போன வாரத்தில், கூட ஜெபித்தவளின் ஜெபமாவது கேட்கப்பட்டதே என்று அவளுக்குச் சந்தோஷம்.

வாரியத் தலைவர் தொண்டையைச் செருமினார். "எதிர்க்கிறீங்களா, இல்லையாம்மா?"

"எதிர்க்கத்தான் வந்தேன். இப்பத் தெரியலைங்க. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும்."

கொஞ்ச நாள்! ஒத்திவைத்தால் அடுத்து எப்போது கூப்பிடுவார்கள் என்று எவருக்கும் தெரியாது. வருடங்கள்கூடப் போகலாம். நான் கத்துவதற்காக எழுந்தேன்.

அம்மா என் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"குடுங்கய்யா" என்றாள் வாரியத்தைப் பார்த்து. "அவங்களுக்கு எத்தனை நாள் வேணுமோ குடுங்க. நாங்க காத்திருக்கோம்."

எங்கள் மாநிலத்தில் இந்த அறைக்குள் கைதியை அழைத்து வருவதில்லை.

காத்திருப்பாயா என்று கோர்டெலை யாரும் கேட்கவில்லை.